மச்சான் துபாயில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் கன்டெய்னர் ஏற்றாதீர்கள்

எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வியாபாரப் பேச்சு ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் அது கடல் தாண்டிவிடும். முண்டு வத்தல் (எங்கள் பக்கத்துக் குண்டு மிளகாயைக் காயவைத்தது) பிடிக்கிறவரும் சரி, கருவாடு கட்டுகிறவரும் சரி, "துபாய்ல நம்ம மச்சான் இருக்காப்ல, அனுப்பினா வித்துக் குடுத்துருவாப்ல" என்று சொல்லாமல் டீயை முடிக்க மாட்டார்கள். அப்படி வந்து யோசனை கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: காசு எந்த வழியாகத் திரும்பி வரும்? நல்ல காரியம் தொடங்கும்போது அபசகுனமாகப் பேசுகிறானே என்று முகம் சுருங்கும். சுருங்கட்டும், நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு தடவை சரக்கு ஏற்றியவன்.

அது வத்தல் சரக்கு. சொந்தக்காரர் ஒருவருக்குத் தெரிந்த பார்ட்டி, வளைகுடாவில் மொத்தக் கடை, போனில் பேசினால் தேன் ஒழுகும். சாம்பிள் பிடித்திருந்தது, ரேட் பேசியாயிற்று, மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸும் வந்தது, மீதி "சரக்கு வந்ததும்". சரக்கு அங்கே இறங்கிய மறுநாள் போட்டோ வந்தது: சாக்கின் அடியில் பூஞ்சை. அது என் சாக்குதானா என்றே எனக்கு அடையாளம் தெரியவில்லை. முப்பது சதவீதம் குறைத்தால் எடுக்கிறேன், இல்லையென்றால் நீங்களே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். துறைமுகத்தில் சரக்கு கிடக்கிறதற்கான டெமரேஜ் கட்டணம் நாளுக்கு நாள் ஏறுகிறது, திருப்பி எடுக்கிற செலவோ அதைவிடப் பெரிது. குறைத்தேன். குறைத்த தொகையும் முழுசாக வரவில்லை. இதில் அந்த ஆளை மட்டும் திட்டிப் பயனில்லை. ஏற்றுமுன் ஈரப்பதம் அளந்த சான்றிதழ் என் கையில் கிடையாது. காசு கட்டாமல் சரக்கை எடுக்க முடியாதபடி ஒரு பூட்டும் நான் போட்டிருக்கவில்லை.

அந்தப் பூட்டு பற்றி அப்புறம் விரிவாகச் சொல்கிறேன். முதலில், எதற்காக வெளியே போக வேண்டும்?

உள்ளூரில் தேங்கிய சரக்கை வெளியே தள்ளிவிடலாம் என்பது இருப்பதிலேயே மோசமான காரணம். இங்கே விலை போகாதது அங்கே சோதனைக்கூடத்தில் நிற்காது. உருப்படியான காரணம் என்றால், அதே பொருளுக்கு வேறு இடத்தில் வேறு மதிப்பு இருக்க வேண்டும். பாக் நீரிணையில் பிடிபடும் நீல நண்டை அவித்துச் சதை எடுத்து டப்பாவில் அடைத்தால் அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. இரண்டாவது, எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காமல் இருப்பது. 2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியச் சரக்கு மீது அமெரிக்கா போட்ட கூடுதல் வரி மொத்தம் 50 சதவீதத்தைத் தொட்டபோது, அமெரிக்காவை மட்டும் நம்பியிருந்த இறால் கம்பெனிகள் திணறின. ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் கொஞ்சமாவது அனுப்பி வந்தவர்களுக்கு மூச்சுவிட ஒரு வழி இருந்தது. பெரிய கம்பெனிகளுக்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. விற்கிற நாட்டுக்குள்ளேயே ஆலை போட்டால் இறக்குமதி வரி மிச்சம், டிவிஎஸ் மோட்டார் 2007இல் இந்தோனேசியாவில் ஆலை திறந்து அந்தச் சந்தைக்குள் நுழைந்தது. பெயரையே விலைக்கு வாங்குவதும் உண்டு, அதே டிவிஎஸ் 2020இல் நார்ட்டன் என்ற பழைய பிரிட்டிஷ் பைக் நிறுவனத்தை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அப்புறம், வாடிக்கையாளர் போன இடத்துக்குப் பின்னாலேயே போவது. தமிழர்கள் போன ஊருக்கெல்லாம் இட்லிக் கடை போனது இப்படித்தான்.

கச்சாப் பொருளைத் தேடி வருவது இன்னொரு வகை. அதை நாம் சரக்கு தருகிற பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறோம். 2000களின் தொடக்கத்தில், குளிர்பானமும் சிப்ஸும் விற்கிற பெப்சி, மண்டபம் பக்கம் கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை மகளிர் குழுக்களை வைத்து மூங்கில் மிதவைகளில் வளர்க்க வைத்தது. உணவுப்பொருளைக் கெட்டியாக்கும் காராஜீனன் அதிலிருந்துதான் வருகிறது. கடலும் உழைப்பும் இங்கே, சந்தை வெளியே. 2008இல் அந்தத் தொழில் ஒரு இந்திய நிறுவனத்துக்குக் கைமாறியது, பெப்சி போய்விட்டது, ஆனால் பலர் இன்னமும் அதைப் "பெப்சி பாசி" என்றுதான் சொல்கிறார்கள். 2013ஐ ஒட்டிக் கடல் சூடேறிப் பாசி பெருமளவில் செத்தபோது அடி வாங்கியது மிதவையில் வளர்த்தவர்கள்தான். ஒப்பந்த முறையில் வெளிநாட்டில் தொழில் நடத்துவது என்றால் பெரும்பாலும் இதுதான் அர்த்தம்: சொத்து வாங்க வேண்டாம், ஆள் வைக்க வேண்டாம், நஷ்டத்தில் ஒரு பங்கு எதிராளி தலையில். நாளைக்கு நீங்கள் இன்னொரு நாட்டில் யாரையாவது வைத்து உற்பத்தி செய்யும்போது அந்த எதிராளி எப்படி உணர்வார் என்பது நமக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

எங்கே போவது? 1977இல் யோஹன்சன், வால்னே என்ற இரண்டு ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நாட்டுக் கம்பெனிகளைப் பார்த்துவிட்டு, கம்பெனிகள் முதலில் பழக்கவழக்கம் நெருக்கமான நாட்டுக்குப் போகின்றன, அங்கே கற்றுக்கொண்டு படிப்படியாகத் தூரம் போகின்றன, முதலில் ஏஜென்ட் அப்புறம் சொந்தக் கிளை அப்புறம் ஆலை என்று முதலீட்டையும் படிப்படியாகத்தான் கூட்டுகின்றன என்று எழுதினார்கள். கீழக்கரையில் இதைச் சொன்னால் "இதுக்கு ஆராய்ச்சி வேறயா?" என்று கேட்பார்கள். அங்கே கடல் கடந்து பிழைக்கப் போவதற்கு "சபர்" என்றே ஒரு சொல் புழங்குகிறது. முதலில் கொழும்பு, அப்புறம் மலாயா, சிங்கப்பூர், பிற்காலத்தில் துபாய். ஒவ்வொரு இடத்திலும் முன்னால் போனவர் ஒருவர் இருப்பார், மொழி ஓரளவு ஓடும், யார் காசு கொடுப்பார் யார் இழுத்தடிப்பார் என்ற செய்தி கல்யாண வீட்டிலேயே கிடைத்துவிடும். அந்தச் செய்திதான் மச்சான் தரக்கூடிய உண்மையான உதவி. அவரைச் சரக்கு விற்கச் சொல்லாதீர்கள், விசாரிக்கச் சொல்லுங்கள். பார்ட்டியின் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாலே பாதி தெரிந்துவிடும்.

இனி வழிமுறை. என் பேச்சைக் கேட்டால் முதல் இரண்டு வருஷம் நீங்கள் நேரடியாக ஏற்றுமதி செய்யவே வேண்டாம். தூத்துக்குடியிலோ சென்னையிலோ பிறர் சரக்கை வாங்கி ஏற்கெனவே வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் மர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர் ஒருவருக்கு விற்றுவிடுங்கள். ஏற்றுமதிக்காக அவருக்குத் தருவதை உரிய நிபந்தனைகளோடு 0.1 சதவீத ஜிஎஸ்டியில் பில் போடலாம், 90 நாளுக்குள் அவர் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பியிருக்க வேண்டும். லாபம் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த நாட்டுக்காரர் எந்தத் தரம் கேட்கிறார், எதனால் சரக்கு திரும்பி வருகிறது என்ற படிப்பு அவர் கோடவுனில் இலவசமாக நடக்கும்.

நேரடியாக இறங்கும்போது காகிதம் பயமுறுத்தும், உண்மையில் அது சுலபமான பகுதி. டி.ஜி.எஃப்.டி. என்ற மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டினால் ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதி எண் வரும், இப்போது உங்கள் பான் எண்தான் அந்த எண். வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உள்ளே போய் விவரத்தை உறுதிசெய்யாவிட்டால் அது முடங்கிவிடும், சரக்கு துறைமுகத்துக்குப் போன பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. அந்நியச் செலாவணி கையாளும் உங்கள் வங்கிக் கிளையின் எண்ணான ஏ.டி. கோடைச் சுங்கத்துறைத் தளத்தில் பதிய வேண்டும். ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு நிதியாண்டும். வத்தல் என்றால் நறுமணப்பொருள் வாரியம், மீன் என்றால் எம்பெடா என்ற கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். இரண்டுக்கும் தலைமையிடம் கொச்சி. உணவுப்பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம். மிச்சத்தைச் சுங்கத்துறை வேலையைப் பார்த்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் சொல்வார். நல்ல ஏஜென்ட் கிடைப்பது நல்ல சம்பந்தி கிடைப்பது மாதிரி, இரண்டு மூன்று இடம் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

காகிதத்தைவிடச் சரக்குதான் காலை வாரும். முண்டு வத்தலுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ரொம்ப சந்தோஷம், ஆனால் ஐரோப்பியச் சோதனைக்கூடம் குறியீட்டைப் பார்க்காது. காய்ந்த மிளகாயில் அஃப்ளடாக்சின் பி1 ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்த அஃப்ளடாக்சின் 10 மைக்ரோகிராம், அதற்கு மேல் போனால் உள்ளே விடமாட்டார்கள். இது பூஞ்சையிலிருந்து வரும் நஞ்சு. பூஞ்சை ஈரத்திலிருந்து வருகிறது. ஈரம் நாம் வெறும் தரையில், ரோட்டோரத்தில் காயப்போட்டு, ஒரு தூறல் விழுந்ததும் அள்ளிக் குவித்து மறுபடி பரப்புவதிலிருந்து வருகிறது. சிமெண்ட் களமோ தார்ப்பாயோ சோலார் உலர்த்தியோ, எதுவானாலும் விவசாயியிடம் பேசி அங்கிருந்தே சரிசெய்ய வேண்டும், கோடவுனுக்கு வந்தபின் செய்ய ஒன்றுமில்லை. கன்டெய்னருக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. கடல் பயணத்தில் பகல் சூட்டுக்கும் ராத்திரிக் குளிர்ச்சிக்கும் இடையே உள்ளே வேர்த்து, கூரையிலிருந்து சொட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். என் சாக்கின் பூஞ்சை அப்படிக்கூட வந்திருக்கலாம். நிறத்துக்காகச் 'சூடான்' என்ற செயற்கைச் சாயம் கலக்கும் கதையே வேண்டாம். 2003இல் பிரான்ஸில் இந்திய மிளகாய்ப் பொருளில் அது பிடிபட்ட பிறகு நம் எல்லோருடைய வத்தலும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டது.

மீன் பக்கம் இன்னும் கறார். ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமானால் ஒப்புதல் பெற்ற ஆலையில்தான் பதப்படுத்த வேண்டும், கொல்லைப்புறத்தில் நடக்காது. ஆமை தப்பிக்கும் அமைப்பு வலையில் இல்லை என்று 2019இலிருந்து நம் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை, பண்ணை இறால் மட்டும்தான் போகிறது. கடல் அட்டை, கடல் குதிரை பக்கம் தலைவைத்தே படுக்காதீர்கள், 2001இலிருந்து வனவிலங்குச் சட்டத்தில் தடை, கொழும்பில் என்ன விலை போகிறது என்று யார் சொன்னாலும் காது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வெளிநாட்டுக்காரருக்கு நம் தடைக்காலம் தெரியாது, அவருக்கு மாதா மாதம் சரக்கு வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே இதை எழுதுங்கள், இல்லையென்றால் குளிர்பதனக் கிடங்கில் இருப்பு வைக்கும் செலவையும் ரேட்டில் சேருங்கள்.

ரேட் என்றதும் ஒன்று. "எஃப்.ஓ.பி. தூத்துக்குடி" என்று சொன்னால் கப்பலில் ஏறும்வரை செலவும் ஆபத்தும் உங்களுடையவை, அதற்கப்புறம் அவருடையவை. "சி.ஐ.எஃப். ஜெபல் அலி" (துபாய்த் துறைமுகம்) என்றால் கப்பல் வாடகையும் காப்பீடும் நீங்கள் கட்டுகிறீர்கள். இதில் பலருக்கும் புரியாத இடம், செலவு அந்தத் துறைமுகம்வரை உங்களுடையதானாலும் ஆபத்து இங்கே ஏறியவுடனேயே வாங்குகிறவருக்கு மாறிவிடுகிறது. வழியில் நனைந்தால் காப்பீட்டில் கேட்க வேண்டியவர் அவர், உங்கள் விலையைக் குறைக்க அது காரணமாகாது. அதற்கு ஆதாரமாக ஏற்றும்போது எடுத்த சோதனைச் சான்றிதழும் போட்டோவும் வேண்டும். எனக்கு இது அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த முப்பது சதவீதத்தில் கொஞ்சமாவது விட்டுக்கொடுக்காமல் நின்றிருப்பேன்.

இப்போது பூட்டு. முழுக் காசும் முன்னாலேயே வருவது சொர்க்கம், புது ஆளுக்கு யாரும் தரமாட்டார்கள். எல்.சி. என்ற வங்கிக் கடன் உறுதிக் கடிதம் என்றால் வாங்குபவரின் வங்கியே பொறுப்பேற்கிறது, ஆனால் வங்கி பார்ப்பது சரக்கை அல்ல, காகிதத்தை. எல்.சி.யில் "முண்டு" என்றும் உங்கள் இன்வாய்ஸில் "குண்டு" என்றும் இருந்தால், இரண்டும் ஒரே மிளகாய்தான் சார் என்று வெளிநாட்டு வங்கிக்காரரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது, பிழை என்று காகிதத்தைத் திருப்புவார், பார்ட்டி அதைப் பிடித்துக்கொண்டு விலை பேசுவார். சின்ன ஆர்டருக்கு எல்.சி. செலவு கட்டாது, அதற்கு டி.பி. முறை, அதாவது காசைக் கட்டினால் காகிதம். கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான அசல் பில் ஆஃப் லேடிங் (பி.எல்.) உங்கள் வங்கி வழியாக அவர் வங்கிக்குப் போகும், காசு கட்டினால்தான் அது அவர் கைக்கு வரும், அது இல்லாமல் கப்பல் கம்பெனி சரக்கை விடாது. இதுதான் நான் சொன்ன பூட்டு.

ஆனால் அந்தப் பூட்டுக்கும் கள்ளச்சாவி உண்டு. கொழும்பு மாதிரிப் பக்கத்துத் துறைமுகத்துக்குச் சரக்கு காகிதத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும், "பி.எல்.லை சரண்டர் பண்ணிருங்க, டெமரேஜ் ஏறுது" என்று போன் வரும். சரண்டர் என்றால் அசல் பி.எல்.லைக் கப்பல் கம்பெனியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அது இல்லாமலே சரக்கை விடச் சொல்வது, பூட்டைக் கழற்றிக் கொடுத்தது போல. விமானத்தில் உயிர் நண்டு அனுப்புகிறவர்கள் கவனியுங்கள், விமானச் சரக்கு ரசீது உடைமைப் பத்திரம் கிடையாது, பெயர் போட்டிருக்கும் ஆள் நேராகப் போய் எடுத்துக்கொள்ளலாம். அதனால் அங்கே அட்வான்ஸ் தவிர வேறு பேச்சு வேண்டாம், இல்லையென்றால் அவருடைய வங்கியிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு வங்கி பெயருக்கே அனுப்புங்கள். அப்புறம், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று உங்கள் பெயரில் மெயில் வந்தால் பழைய நம்பருக்குப் போன் போட்டுக் கேட்காமல் யாரும் காசு அனுப்பக்கூடாது என்று பார்ட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆள் நல்லவராக இருந்தும் காசு வராமல் போகலாம். 2022இல் இலங்கையில் டாலர் தீர்ந்தபோது, கொழும்பு வியாபாரி கையில் ரூபாயை வைத்துக்கொண்டு நின்றார், அவர் வங்கியில் மாற்றித் தர டாலர் இல்லை. இதற்குத்தான் இ.சி.ஜி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் 1957இலிருந்து இருக்கிறது, ஆள் ஏமாற்றினாலும் நாடு கவிழ்ந்தாலும் பாலிசிப்படி பெரும்பகுதி நஷ்டத்தை ஏற்கும். பார்ட்டிக்கு எவ்வளவு கடன் வரம்பு தரலாம் என்று அவர்களே விசாரித்துச் சொல்வார்கள். "அந்த ஆளுக்கு வரம்பு தரமுடியாது" என்று அவர்கள் சொன்னால் அதுவே பிரீமியத்துக்கு மதிப்பான பதில்.

வங்கிக்குப் போகாமல் ஆள் மூலமாகக் கைமாறும் உண்டியல் (ஹவாலா) வழியில் காசு வாங்கிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: வேண்டாம். ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஒவ்வொரு ஷிப்பிங் பில்லும் ரிசர்வ் வங்கியின் கணினியில் திறந்தபடி நிற்கும், அதற்கு ஈடாக வங்கி வழியாக வெளிநாட்டுப் பணம் வந்து மூடினால்தான் ஆயிற்று. வராவிட்டால் அடுத்த ஏற்றுமதிக்கு வங்கி கைவிரிக்கும், ஜிஎஸ்டிக்காரர் தனியாக வருவார்.

இத்தனையும் சில வருஷம் ஒழுங்காக ஓடி, ஒரே ஊரில் நாலைந்து பார்ட்டி நிலைத்த பிறகு, அங்கே சொந்தக் கடையோ கம்பெனியோ யோசிக்கலாம். அதுவரை விநியோகஸ்தர் ஒருவர் போதும், ஆனால் நாடு முழுக்க உரிமையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு வருஷம், ஒரு ஊர், இவ்வளவு டன் எடுத்தாக வேண்டும் என்று எழுதுங்கள். உள்ளூர்க் கூட்டாளியோடு சேருவது பழைய வழி. கீழக்கரையில் பிறந்த பி.எஸ்.அப்துர் ரஹ்மான் 1970களில் துபாயில் ஈ.டி.ஏ. என்ற நிறுவனத்தை அங்குள்ள அல் குரைர் குடும்பத்தோடு சேர்ந்துதான் கட்டினார், ஊர்க்காரர்கள் எத்தனையோ பேருக்கு அது வேலை தந்தது. இப்போது அமீரகத்தில் 2021இலிருந்து பெரும்பாலான தொழில்களுக்கு நூறு சதவீதம் நீங்களே சொந்தக்காரராக இருக்கலாம். ஆனால் மச்சான் பெயரில் லைசென்ஸ் எடுத்துவிட்டு இங்கிருந்து கைமாற்றாகக் காசு அனுப்புவது அந்நியச் செலாவணிச் சட்டப்படி வம்பு, பிற்காலத்தில் மச்சான் உறவும் வம்பு. வங்கி வழியாக வெளிநாட்டு முதலீடாகப் பதிந்து, தனி அடையாள எண் வாங்கி அனுப்ப வேண்டும், வருஷா வருஷம் அந்தக் கம்பெனியின் கணக்கை ஒப்படைக்க வேண்டும். 2022 மே 1 முதல் அமலில் இருக்கும் இந்திய-அமீரக ஒப்பந்தத்தில் பல பொருளுக்கு அங்கே சுங்க வரி இல்லை, பிறப்பிடச் சான்றிதழ் மட்டும் சரக்கோடு போக வேண்டும். இதை வாங்காமலே அனுப்பிக்கொண்டிருக்கிற பேர்வழிகள் நம்மூரில் இருக்கிறார்கள்.

திரும்பி வரும் வழியையும் யோசித்துவிட்டுப் போங்கள். வால்மார்ட் 1997இல் ஜெர்மனிக்குள் போய் 2006இல் கடைகளை விற்றுவிட்டு வெளியே வந்தது, அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த ஊர் வாடிக்கையாளரையும் தொழிற்சங்கத்தையும் பிடிபடவில்லை. நமக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது. எவ்வளவு போனால் மூடுவேன் என்ற ஒரு தொகையைக் கம்பெனி பதியும் அன்றைக்கே எழுதி, வீட்டில் தெரியும்படி வைத்துவிடுங்கள்.

நான் இப்போது கொழும்புக்கு இரண்டு பார்ட்டிக்கு மட்டும் அனுப்புகிறேன், டி.பி.யில், இ.சி.ஜி.சி. பாலிசியோடு, ஒவ்வொரு லோடுக்கும் ஈரப்பதச் சான்றிதழ் எடுத்து. பி.எல். சரண்டர் செய்யச் சொல்லிப் போன் வந்தால் வங்கி மேனேஜர் ஊரில் இல்லை என்று சொல்லிவிடுவேன். அந்த வளைகுடா பார்ட்டி இந்தப் பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்பியிருந்தார், பானையும் கரும்பும் போட்ட படம், மீதிக் காசைப் பற்றி ஒரு வரி இல்லை.